பூ விழாத கும்பாபிஷேகம்

ஆராவமுதனுக்கு என்ன உத்தியோகம் என்பது சின்னக் காஞ்சிபுரத்தில் அவருடைய எதிர்வீட்டுக்காரருக்கே சரியாகத் தெரியாது. ஏரோப்ளேன் ஆபீஸில் பெரிய வேலை என்பார்கள். ரயிலில் டிக்கெட் கேட்கிறவரைப்போல இவர் விமானத்தில் ஏறிக் கேட்பாரோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. விமானப்படையில் இருபது வருஷம் ஹெலிகாப்டர் ஓட்டியவர் அவர். அசாமில் ஒரு நாள் நடுவானில் எஞ்சின் நின்றுபோய், வண்டியை ஒரு வயலில் கொண்டுவந்து இறக்கினார். கூட இருந்தவர்கள் எழுந்து நடந்து போனார்கள். இவருக்கு மட்டும் முதுகெலும்பில் அடி. அத்தோடு பறப்பது போயிற்று.

ஊருக்குத் திரும்பிவந்தபின் அரசாங்கத்தில் விமானப் பாதுகாப்பு ஆய்வாளராகச் சேர்ந்தார். சென்னையில் அலுவலகம். விமானிகள் விதிப்படி ஓட்டுகிறார்களா, அப்படி ஓட்டக் கம்பெனிகள் அவர்களை விடுகின்றனவா என்று பார்ப்பது வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததைப் பற்றி யாரிடம் என்ன பேசுவது? அவரும் பேசியதில்லை. காலையில் பஸ் ஏறுவார், சாயங்காலம் வந்து இறங்குவார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் அவருடைய வேலை என்னவென்று ஊருக்கே தெரியவந்தது.

பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடும் சிவன் கோயில் ஒன்றுக்குக் கும்பாபிஷேகம் நடக்க இருந்தது. திருப்பணிக் கமிட்டித் தலைவர் மயில்வாகனம். சொந்தத் தறிகளும் பெரிய தெருவில் ஒரு பட்டுக் கடையும் வைத்திருந்தவர். அவரும் ஆராவமுதனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒருவர் நெற்றியில் விபூதி, இன்னொருவர் நெற்றியில் திருமண். வாத்தியார் எழுந்திருக்கச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்திருப்பார்கள்.

கலசத்தில் புனித நீர் ஊற்றுகிற நேரத்தில் மேலே ஹெலிகாப்டர் வந்து நின்று பூ தூவவேண்டும் என்று மயில்வாகனம் முடிவு செய்திருந்தார். பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனி வர ஒத்துக்கொண்டது. தாமலில் ஏரிக்கரைச் சுவரிலிருந்து மாகறல் பஸ் நிறுத்தம்வரை சுவரொட்டி. மேகத்துக்கு நடுவில் ஒரு ஹெலிகாப்டர், கீழே ராஜகோபுரம், ஓரத்தில் கைகூப்பிய மயில்வாகனம்.

கம்பெனியின் விண்ணப்பம் ஆராவமுதனின் அலுவலகத்துக்கு வந்தது. மேலதிகாரி கலியாணசுந்தரம் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“உங்க ஊருதானே? நீங்களே போய் நின்னு நல்லபடியா முடிச்சுக் குடுத்துடுங்க. மேலேருந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.”

“இடத்தைப் பாக்காம நல்லபடியான்னு எப்படி சார் சொல்றது?”

“பாருங்க. பாத்துட்டு சரின்னு சொல்லுங்க.” அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நாளைக்கு ஒண்ணுன்னா, நம்ம ஆளு ஒருத்தர் அங்க இருந்தாருன்னு இருக்கணும். அதுக்குத்தான் உங்களை அனுப்பறேன்.”

சரி என்று சொன்னாலும் பொறுப்பு தன்னுடையது, முடியாது என்று சொன்னாலும் பழி தன்னுடையது என்பது ஆராவமுதனுக்கு அந்த நாற்காலியிலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் இடத்தைப் பார்த்துவிட்டால் ஏதாவது வழி தெரியும் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மயில்வாகனத்தின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய்க் கோயிலைச் சுற்றிப் பார்த்தார். நான்கு தெருவும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தலைக்குமேல் கரண்ட் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. கோபுரத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு செல்போன் டவர் முளைத்திருந்தது. கும்பாபிஷேகத்தன்று மொட்டைமாடி ஒன்றுகூடக் காலியாக இருக்காது. வெட்டவெளி என்று சொல்லக் கோயிலின் வடக்கே இருந்த குளம் மட்டும்தான்.

“மயிலு, ஒண்ணு பண்ணலாம். வண்டி குளத்துப் பக்கமா, நல்ல உயரத்துல, நிக்காம போகட்டும். போற போக்குல பூவைப் போடட்டும்.”

“நிக்காம போனா பூ எங்க விழும்பா?”

“குளத்துல கொஞ்சம், தெருவுல கொஞ்சம், கோபுரத்துல கொஞ்சம்.”

“கொளத்துல மீனுக்கா கும்பாபிஷேகம் பண்றோம்?” மயில்வாகனம் சிரித்துவிட்டு, அவர் தோளில் கை போட்டார். “சரி, அத அப்புறம் பேசிக்கலாம். வூட்டுக்கு வா. உங்கிட்ட குழலி ஒண்ணு கேக்கணும்ன்னுக்கினு இருக்குது.”

ஏலவார்குழலி மயில்வாகனத்தின் மனைவி. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவள். நல்ல உயரமான பெண். இப்போது கட்டிலில் ஒரு ஓரமாகச் சாய்ந்திருந்தபோது பாதிக் கட்டில் காலியாக இருந்தது. கால் மட்டும் வீங்கிப் பளபளத்தது. பக்கத்தில் அவளைக் கவனித்துக்கொள்ளும் பெரியநாயகி என்ற அம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, என்னால கும்பல்ல நிக்க முடியாது. படி ஏற முடியாது. டி.வி.யில பாருங்கறாங்க. நான் பொறந்து வளந்த தெருவு அது, அத நான் டி.வி.யில பாக்கறதா? ஹெலிகாப்டர்ல ஒரு ஓரமா என்ன உக்கார வச்சுடுங்க. என் கையால ஒரு கை பூ அந்தக் கலசத்து மேல போட்டுட்டு வந்துடறேன். அவ்ளோதான்.”

ஆராவமுதனுக்கு முடியாது என்ற சொல் தொண்டைவரை வந்தது. அலுவலகத்தில், கம்பெனி முதலாளிகளிடம், கழுத்துப்பட்டை கட்டிய பெரிய மனிதர்களிடமெல்லாம் சுலபமாகச் சொல்லுகிற சொல்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பாக்கலாம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் மனைவி அம்ருதவல்லி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களிலிருந்து தலையை நிமிர்த்தினாள். உயர்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். “பாக்கலாம்னா என்ன அர்த்தம்? மாட்டேன்னா, சரின்னா?”

“பாக்கலாம்னுதான் அர்த்தம்.”

“நீங்க அப்படி நினைச்சுண்டு சொன்னேள். அவா சரின்னு எடுத்துண்டிருப்பா. நாளைக்கே போய் மாட்டேன்னு சொல்லிட்டு வந்துடுங்கோ.”

அவர் போகவில்லை. மறுநாள் அலுவலகம் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. நிபந்தனைகளை எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்: விமானியும் பூ போட ஒரு ஆளும் தவிர யாரும் ஏறக்கூடாது, கூட்டத்துக்கு மேல் நிற்கக்கூடாது. கம்பெனி அதை மயில்வாகனத்திடம் சொல்லும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கம்பெனி சொல்லவில்லை.

கும்பாபிஷேகத்தன்று ஹெலிகாப்டர் இறங்க ஐயம்பேட்டையில் பள்ளிக்கூட மைதானத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். கோயிலில் இருக்கிற கூட்டம் போதாதென்று இங்கேயும் ஒரு கூட்டம். ஷேர் ஆட்டோக்கள் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. ஆராவமுதன் ஜீப்பிலிருந்து இறங்கியதும் யாரோ கழுத்தில் மாலையைப் போட்டார்கள். கழற்றி வைத்தார், இன்னொருவர் வேறொரு மாலையைப் போட்டார்.

வெயில் ஏறியபின் ஹெலிகாப்டர் வந்தது. புழுதி எழும்பி மைதானமே மறைந்தது. ஓரத்தில் போட்டிருந்த சாமியானா பிய்த்துக்கொண்டு போய் வேலியில் மாட்டியது. ஜனங்கள் ஓவென்று கத்திச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விமானி கேப்டன் தேவசகாயம் இறங்கி வந்தார். நாகர்கோவில்காரர். ராணுவத்தில் ஓட்டியவர். ஆராவமுதனுடைய கையைக் குலுக்கிவிட்டு விடாமலே வால் பக்கமாக அழைத்துப்போனார்.

“சார், இங்க எண்ணெய் கெடையாது. திரும்பிப் போறதுக்கும் சேத்து ரொப்பிக்கிட்டு வந்திருக்கேன். வண்டி கனமா இருக்கு. பின்னால நாலு பேருன்னு மேனேஜர் சொல்றான், மூட்டை மூட்டையா பூ வேற.”

“நாலு பேரா? ஒரே ஒரு ஆளுன்னுதானே எழுதிக் குடுத்திருக்கேன்?”

“எங்கிட்ட யாரும் காட்டல சார்.” தேவசகாயம் தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். “கோபுரத்துக்கு மேல தாழ நிறுத்தணுமாம். இந்த வெயில்ல, இந்த எடையில, நிக்கும். ஆனா கையில மிச்சம்னு ஒண்ணும் இருக்காது. காத்தும் மேக்கேருந்து விட்டுவிட்டு அடிக்குது. கதவு வேற கழட்டியாச்சு. ஒரு காலி சாக்கு பறந்து வால் விசிறியில மாட்டிச்சுன்னா முடிஞ்சுது.”

“அப்போ நீங்க மாட்டேன்னு சொல்லுங்க கேப்டன்.”

அவர் ஹெலிகாப்டரின் வாலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “போன மாசம் மாட்டேன்னு சொன்ன பைலட் பையன் இப்போ வீட்டுல இருக்கான் சார். எனக்கு ரெண்டு பொண்ணு. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.”

அந்த மனிதர் வந்து இறங்கியதிலிருந்து இதற்காகத்தான் காத்திருக்கிறார் என்பது ஆராவமுதனுக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. தான் அந்த இடத்தில் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது.

அதற்குள் வேனிலிருந்து குழலியை இறக்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அரக்கு நிறத்தில் பெரிய கரை வைத்த பட்டுப்புடவை. கழுத்து நிறையச் சங்கிலி. தலையில் அவள் வைத்திருந்த மல்லிகைப்பூ அவளைவிடக் கனமாகத் தெரிந்தது. மடியில் ஒரு மூங்கில் தட்டு நிறைய ரோஜா இதழ். அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். பின்னால் பெரியநாயகி, கமிட்டிக்காரர் இருவர், மயில்வாகனம்.

ஆராவமுதன் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

“அம்மா, மன்னிச்சுக்கணும். நீங்க ஏற முடியாது. இங்க வந்திருக்கறவங்க யாருமே ஏற முடியாது.”

தூக்கிவந்தவர்களுக்குக் காதில் விழவில்லை. இன்னும் இரண்டு அடி வைத்தார்கள். நாற்காலியின் கால் அவர் முழங்காலில் இடித்தது.

“இன்னாபா சொல்ற?” என்றார் மயில்வாகனம்.

“பூவோட கம்பெனி ஆள் ஒருத்தர் மட்டும் போகட்டும். உயரத்துல, குளத்துப் பக்கமா. அதுக்கு மேல என்னால விட முடியாது.”

“அன்னிக்கி பாக்கலாம்ன்ன?”

“சொன்னேன். தப்பு.”

“அமுதா, வெளையாடாதே. மூர்த்தம் நெருங்கிக்கினு இருக்குது. அவ எடை இன்னா இருக்கும்னு நெனச்சிக்கினு இருக்க? தறியில பாவு நூலு சுத்தின உருளை கூட அவள விட ஜாஸ்தி இருக்கும்பா!”

“எடை மட்டும் இல்ல மயிலு. கூட்டத்துக்கு மேல தாழ நிக்கவே கூடாது. யாரு ஏறினாலும் சரி.”

கழுத்துப்பட்டை கட்டிய கம்பெனி மேனேஜர் தன் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினார். மறுமுனையில் கலியாணசுந்தரம். ஆராவமுதன் நிலைமையைச் சொன்னார். “நான் அனுமதி மறுக்கறேன் சார். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

“ஹலோ... ஹலோ... சரியா கேக்கல. நீங்க அங்க இருக்கீங்க, நீங்க முடிவு பண்ணுங்க” என்று குரல் தெளிவாகவே வந்தது. அப்புறம் இணைப்பு அறுந்தது.

மைதானத்தோரம் டீக்கடையில் உள்ளூர் கேபிள் டி.வி. கும்பாபிஷேகத்தை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டிருந்தார். “பக்தகோடிகளே, வானத்தைப் பாருங்கள், இதோ ஹெலிகாப்டர் வந்துகொண்டிருக்கிறது” என்று வர்ணனையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“நான் சொன்னபடி போறதுன்னா இப்பவே போகலாம்” என்றார் ஆராவமுதன். தேவசகாயம் தலையாட்டினார், அவசரமாக.

மயில்வாகனம் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. என்ன நடக்கிறது என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ இல்லாம ஒரு பூவும் வோணாம்” என்றார் மயில்வாகனம். “உன் ஒசரமும் வோணாம், ஒண்ணும் வோணாம். நீ நல்லா இருபா.” திரும்பிப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக் கோயிலுக்குப் போய்விட்டார். கமிட்டித் தலைவர் இல்லாமல் நீர் ஊற்ற முடியாது.

கொஞ்ச நேரத்தில் டீக்கடை டி.வி.யில் மேளச் சத்தம் உச்சத்துக்கு ஏறியது. ஆயிரக்கணக்கான குரல்கள் சிவனைக் கூப்பிட்டன. வர்ணனையாளர் ஹெலிகாப்டரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஐயம்பேட்டை மைதானத்தில் விசிறி சுழலாமல் அது நின்றுகொண்டிருந்தது.

முதலில் மண்ணாங்கட்டி ஒன்று வந்து ஜீப்பின் கண்ணாடியில் விழுந்தது. அப்புறம் செருப்பு. “பெருமா கோயில் ஆளுபா, நம்ம ஈசுவரனுக்குப் பூ போட வுடுவானா?” என்று ஒருவன் கத்தினான். அது கூட்டத்தில் தீயாகப் பிடித்துக்கொண்டது. ஆராவமுதனுக்கு நெஞ்சில் அடித்தது அந்த ஒரு சொல்தான். அப்படி ஒரு எண்ணம் யாருக்காவது வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் பழனி அவரை அணைத்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்குள் விட்டார். “சார், கும்பல் கலையட்டும். ஜன்னல் பக்கம் வராதீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே தாழ்ப்பாளைப் போட்டார். சிறு பிள்ளைகளின் வகுப்பு. பெஞ்சுகள் முழங்கால் உயரம். கரும்பலகையில் ஆறாம் வாய்ப்பாடு பாதியில் நின்றிருந்தது. ஆராவமுதன் முதுகை நேராக வைத்துக்கொள்ள இடமில்லாமல் மேசைமேல் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் திறந்தது. நாற்காலியோடு குழலியைத் தூக்கிவந்து உள்ளே வைத்தார்கள்.

“வேன் வெளிய போக வழி இல்ல சார். உள்ள ஒக்காந்தா அம்மாவுக்கு வெயில் தாங்காது. வேற ரூம் பூட்டியிருக்குது” என்றார் பழனி. பெரியநாயகி தண்ணீர் கேட்டு அவரோடு போனாள். தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

வெளியே ஹெலிகாப்டர் கிளம்பிற்று. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. கரும்பலகையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. சத்தம் மேற்கே போய்த் தேய்ந்து மறையும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“போயிடுச்சா?” என்றாள் குழலி.

“போயிடுத்து.”

அவள் தலையிலிருந்த மல்லிகையை எடுத்து மடியில் இருந்த தட்டில் வைத்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. “அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் இந்தப் பொடவய கட்டிக்கினு இத்தினி பேரு முன்னால வந்து குந்தியிருக்க மாட்டேன்ண்ணா.”

“தெரியும். அன்னிக்கு உங்க முகத்தைப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வரல.”

“இன்னிக்கு மட்டும் எப்பிடி வந்துச்சு?”

வெளியே யாரோ கதவை உதைத்தார்கள். பழனியின் குரல் அதட்டியது.

“நெசமா சொல்லுங்க. நான் ஏறியிருந்தா அது விழுந்திருக்குமா?”

விழுந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவள் நிம்மதியாவாள், இவள் மூலமாக மயில்வாகனம், மயில்வாகனம் மூலமாகத் தெரு, தெரு மூலமாக ஊர். ஆராவமுதன் அந்த வார்த்தையை வாயில் வைத்துப் பார்த்தார்.

“பெரும்பாலும் விழுந்திருக்காதும்மா. போய்ப் பூவைப் போட்டுட்டு வந்திருப்பீங்க.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். “அப்புறம் ஏன்ண்ணா?”

“எஞ்சின் நின்னா, உயரத்துல இருந்தாலோ வேகமா போயிண்டிருந்தாலோ எங்கயாவது கொண்டுவந்து இறக்கிடலாம். நான் இறக்கியிருக்கேன். தாழ்வா ஒரே இடத்துல நிக்கறச்சே எஞ்சின் நின்னா ரெண்டும் கிடையாது. நேரா கீழதான். கீழ தெரு முழுக்க ஜனம், மாடி முழுக்க ஜனம். மேல ஏறறவா தெரிஞ்சு ஏறறா. கீழ நிக்கறவாளை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.” பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

குழலி இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் கூட அவங்கள நெனைக்கல” என்றாள் கடைசியில். “ஒண்ணு சொன்னா யாராண்டயும் சொல்ல மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“மேல போயிட்டு, பூவப் போட்டுட்டு, அப்பிடியே திரும்பி வரலன்னாலும் நல்லதுதான்னு நெனச்சிக்கினுதான் கெளம்பினேன். வேணும்ன்னு ஒண்ணும் செய்றதா இல்ல. வந்தா வரட்டும்ன்னு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி அந்த மிசினு. இவரு கடையப் பாக்கறதில்ல, தறியப் பாக்கறதில்ல, என் மூஞ்சையே பாத்துக்கினு ஒக்காந்திருக்கறாரு. எனக்கு அலுத்துப்போச்சுண்ணா. அவருக்கு இது தெரிஞ்சா தாங்க மாட்டாரு.”

ஆராவமுதன் மேசையிலிருந்து இறங்கி வந்து, அந்தக் குட்டிப் பெஞ்சில், அவள் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்தார். முதுகு வலித்தது. பெரியநாயகி சோடா கொண்டுவந்தபோது, “அவருக்கும் ஒண்ணு குடு” என்றாள் குழலி. வெயில் சாயும்வரை மூன்று பேரும் அங்கேயே அடைந்துகிடந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆராவமுதனுக்கு ஊர் சுருங்கிப்போயிற்று. பிள்ளையார்பாளையம் பக்கம் போகமுடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் அம்ருதவல்லி உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. பெருமாள் கோயிலிலேயே ஒருவர் அவரை நிறுத்தி, “விட்டுத் தொலைச்சிருக்கலாமே ஓய், நமக்கு ஏன் பொல்லாப்பு?” என்றார். அலுவலகத்தில் கலியாணசுந்தரம் விளக்கம் கேட்டார். விளக்கம் கொடுத்தபின் அதைப் பற்றிப் பேசவே இல்லை, இவர் மாற்றல் கேட்டபோது மட்டும், “உங்களைப் போல அனுபவஸ்தரை எப்படி விடறது?” என்றார்.

ஆவணியில் வேறொரு ஊரில் கும்பாபிஷேகம். அதே கம்பெனி, அதே ஹெலிகாப்டர். வேறொரு ஆய்வாளர் போயிருந்தார். கோபுரத்துக்கு மேல் தாழ்வாக நின்று, பின்னால் நான்கு பேர் உட்கார்ந்து, மூட்டை மூட்டையாகப் பூவைக் கொட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பிப் போயிற்று. பத்திரிகையில் கலரில் படம் வந்தது. யாரோ அதைக் கத்தரித்து அவர் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அம்ருதவல்லி தண்ணீர் விட்டு ஊறவைத்து அதைச் சுரண்டி எடுத்தாள்.

“நீங்க பண்ணினது சரிதானே?” என்று கேட்டாள், கையைத் துடைத்துக்கொண்டே. அத்தனை நாளில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“சரிதான்” என்றார்.

“அப்போ நிமிந்து நடங்கோ.”

தையில் ஏலவார்குழலி இறந்துபோனாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற வழியில், காரிலேயே. அம்ருதவல்லி தடுத்தும் கேட்காமல் ஆராவமுதன் போனார். தெரு முழுக்கத் தறிகளை ஓட்டாமல் நிறுத்தியிருந்தார்கள். அவர் நடந்துபோகப் போக ஆட்கள் விலகினார்கள், மரியாதைக்கு விலகியதல்ல. வீட்டு வாசலில் முத்துக்குமார் என்ற உறவுக்காரர் ஒருவர் வழியை மறித்து, “நீங்க எதுக்கு சார் வந்தீங்க?” என்றார்.

உள்ளேயிருந்து மயில்வாகனத்தின் குரல் வந்தது: “வுடு. வரட்டும்.”

அவளுக்கு அதே அரக்குப் புடவையைக் கட்டியிருந்தார்கள். ஆராவமுதன் கைகூப்பி நின்றார். கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தன் முதுகைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. வெளியே வரத் திரும்பியபோது மயில்வாகனம் எழுந்து வந்து, தறிக்கூடத்துப் பக்கம் தனியாக அழைத்துப்போனார். சவரம் செய்யாத முகம், கண் காய்ந்திருந்தது.

“ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. அன்னிக்கி ஐயம்பேட்டயில, அந்த ரூம்ல, அவ உங்கிட்ட இன்னா பேசினா?”

ஆராவமுதன் ஓடாமல் நின்ற தறியைப் பார்த்தார்.

“அதுக்கு அப்புறம் அவ அந்த நாளப் பத்தி வாயத் தொறக்கலபா. நான் உன்னத் திட்டினா, ‘அவர ஒண்ணும் சொல்லாத’ன்னு மட்டும் சொல்லுவா. ஏன்னு கேட்டா மூஞ்சத் திருப்பிக்குவா. இருவத்தாறு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். எங்கிட்ட சொல்லாதது எதுவும் இருந்ததில்ல அவளுக்கு. உங்கிட்ட இன்னா சொன்னா?”

சொன்னால் மயில்வாகனத்துக்கு எல்லாம் விளங்கிவிடும். ஆராவமுதன் மறுத்ததால்தான் அவள் இன்னும் ஆறு மாதம் இந்த வீட்டில் இருந்தாள் என்றுகூட அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். வாசலில் நிற்கிறவர்களின் பார்வை மாறிவிடக்கூடும். அதோடு கூடவே இன்னொன்றும் அவருக்குத் தெரிந்துபோகும்: தான் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அவள் போய்விடவே விரும்பினாள் என்பது.

“பெரிசா ஒண்ணும் இல்ல மயிலு” என்றார் ஆராவமுதன். “வெயில் தாங்கலன்னாங்க. எனக்கு சோடா வாங்கிக் குடுக்கச் சொன்னாங்க.”

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான்.”

மயில்வாகனம் அவருடைய முகத்தைத் துழாவிப் பார்த்தார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். அவர் பொய் சொன்னால் மயில்வாகனத்துக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை, இப்போதும் தெரிந்துவிட்டது.

“செத்தப்புறமும் சொல்ல மாட்ட, இல்ல?” என்றார் மெதுவாக. “அன்னிக்கி வானத்துல பூட்டு போட்ட. இன்னிக்கி வாய்ல போட்டுக்கின. போபா. போ.”

ஆராவமுதன் தெருவில் இறங்கினார். சங்கு ஊதத் தொடங்கியிருந்தார்கள். வந்த வழியில் ஆட்கள் நிறைந்துவிட்டதால் திரும்பிப் போக இடமில்லை. முன்னாலும் போகமுடியவில்லை. ஒரு வீட்டுச் சுவரோரம் ஒதுங்கி, பாடை வெளியே வந்து, தூக்கிக்கொண்டு போய், தெரு காலியாகும்வரை வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.